பஞ்சு தொட்டது தெரிந்ததா

வீரம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, வலது கையை நீட்டியபடி, மழைத் தூறலில் பெரட்டுக்களத்தில் நின்றாள். பஞ்சு எப்போது படும், எப்போது படும் என்று காத்திருந்தாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கியதும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"தொடுங்கய்யா. புள்ளைய வேற கொண்டுபோய் விடணும்."

களத்தில் பேச்சு நின்றுவிட்டது. ஏனென்றால் கண்ணுகளா, டிஸ்பென்சர் ஐயா அதற்குள் நாலு தடவை தொட்டு முடித்திருந்தார்.

அவள் கண்ணைத் திறந்தபோது அவர் கையில் இருந்த பஞ்சுக் குச்சியைத்தான் முதலில் பார்த்தாள். பிறகு அவர் முகத்தை. அவர் பெயர் சிதம்பரநாதன். யாழ்ப்பாணத்து மனிதர், தோட்டத்தில் மருந்து கொடுப்பவர். கெட்டவர் இல்லை. அவளுடைய பேறுகாலத்துக்கு அந்த மனிதர் குடையும் இல்லாமல் ஓடி வந்திருக்கிறார்.

"பிள்ளை, நீ கானுக்கு அந்தப் பக்கம் போய் நில்" என்றார் அவர், களத்தோரத் தண்ணீர் வாய்க்காலைக் காட்டி, மெதுவாக.

இது நடந்தது வட்டகொடை ஸ்டேசனுக்கு மேலே இருந்த ஒரு தோட்டத்தில், வெள்ளைக்காரத் துரைமார் இன்னும் கப்பலேறாத காலத்தில். பக்கத்துத் தோட்டத்தில் ஒருவனுக்குப் பெருவியாதி, அதாவது குஷ்டம், என்று கண்டுபிடித்து, கொழும்புப் பக்கம் ஓர் ஆசுபத்திரிக்கு ஏற்றிப் போயிருந்தார்கள். அப்படிப் போனவர் திரும்பி வந்து எங்கள் பக்கத்தில் ஒருவரும் பார்த்ததில்லை. துரைக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பெரிய டாக்டர் வருவதற்கு முன்னால் எல்லாரையும் ஒரு தரம் பார்த்துவிடு என்று டிஸ்பென்சருக்குச் சொல்லிவிட்டார். அதற்காகக் கொழுந்து எடுக்கிற நேரம் வீணாகக் கூடாதாம். அதனால் விடியற்காலைப் பெரட்டிலேயே, ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற அந்த நேரத்திலேயே, சோதனையும் நடந்தது.

அந்த வியாதி வந்த தோலில் மரமரப்பு ஏறும், தொட்டால் தெரியாது. அதனால் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் தொட்டு, "தெரியுதோ?" என்று கேட்பார்கள். எளிய சோதனை. நல்ல சோதனையும்தான். ஆனால் அது ஆடி மாதம். மலையை மேகம் மூடியிருந்தது. கம்பளிக்குள்ளேயே பல் கிட்டிக்கொள்ளும். விடியுமுன் குழாயடியில் தண்ணீர் பிடித்து, மழையில் நனைந்து, களத்துக்கு வந்து நின்ற கைகள் அவை. ஊசியால் குத்தினாலும் யோசித்துத்தான் சொல்லும்.

இதை நீங்கள் கேட்கலாம்: அப்படியானால் மற்றவர்கள் எப்படித் தப்பினார்கள்? என் செல்லங்களா, தோட்டத்தில் மேலே உள்ளவர் எதைக் கேட்டாலும் நம் சனத்தின் வாய் ஒன்றுதான் சொல்லும். "காடு முடிஞ்சிருச்சா?" ஆமாங்க. "நேத்து வந்தியா?" ஆமாங்க. அப்படிப் பழகிய வாய். "தெரியுதோ?" என்று குரல் வந்ததுமே "ஆமாங்க" என்றது. வீரம்மா மட்டும் அன்றைக்குப் பிள்ளை நினைவில் நின்றாள். அந்தக் கேள்வி காதில் விழவே இல்லை. தோலில் படப்போவதற்காகக் காத்திருந்தாள். போதாக்குறைக்கு அவள் முழங்கைக்குக் கீழே ரூபாய்க் காசு அகலத்துக்கு வெளிறிய தேமல் ஒன்று இருந்தது.

கானுக்கு அந்தப் பக்கம் ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் நின்றார்கள். தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டும் பழனியாண்டிக் கிழவர் நகர்ந்து இடம் விட்டார்.

"வா தாயி. இந்தப் பக்கம் மழை கொஞ்சம் கம்மி."

யாரும் சிரிக்கவில்லை.

அன்றைக்குப் பகல் முடிவதற்குள் அவள் மடியில் இருந்த பிள்ளை கைமாறிவிட்டது. பல் முளைக்காத பெண் குழந்தை. புருஷனுடைய அண்ணன் பெண்சாதி ராமாயி வந்து, முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, குழந்தையை அப்படியே அள்ளிக்கொண்டாள். ராமாயிக்குப் பிள்ளை இல்லை. அவள் அழுதுகொண்டேதான் எடுத்தாள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

"பெரிய டாக்டரு வந்து சொல்லட்டும் வீரம்மா. அதுவரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும். புள்ளைக்கும் வந்துட்டா என்னா பண்ணுவ?"

"இருந்தாத்தானேக்கா வரும்."

"இல்லைன்னு யாரு சொன்னா?"

எங்கள் வரிசை வீடான லயத்தின் கடைசியில், விறகு அடுக்கி வைத்திருந்த காம்பரா அறையை ஒழித்து அவளைத் தனியே இருக்கச் சொன்னார்கள். அவளுக்கென்று ஒரு கோப்பை, ஒரு தட்டு. பாய் கொடுத்தார்கள். தண்ணீரை வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். நாலு காம்பரா தள்ளிக் குழந்தை அழும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் மாராப்பு நனைந்தது. ராமாயி டின் பாலைக் கரைத்துப் புகட்டப் பார்க்கிறாள், குழந்தை துப்புகிறது என்று சுவருக்கு அந்தப் பக்கத்துச் சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்தது. பாலைப் பிழிந்து அடுப்புச் சாம்பலில் விட்டாள்.

பெரிய டாக்டர் வியாழக்கிழமை வருவார் என்றார்கள். அவர் "இருக்கு" என்று சொன்னால் அவருடைய ஜீப்பிலேயே கொண்டுபோய்விடுவார்கள். அப்புறம் பிள்ளை ராமாயியுடையதுதான்.

புருஷன் அழகுமுத்து பக்டரியில் தூள் சலிப்பவன். வேலை விட்டதும் நேரே அந்தக் காம்பரா வாசலுக்கு வந்தான். உள்ளே வரவில்லை. இரண்டு நாளாக அவன் ஒரு யோசனை வைத்திருந்தான். லயமே கூடிச் சொன்ன யோசனைதான் அது.

"இந்தா புள்ள, டாக்டரு தொட்டா ஆமாங்கன்னு சொல்லிரு. தொடலைன்னாலும் ஆமாங்க. எதைக் கேட்டாலும் ஆமாங்க. அன்னைக்கு நீ வாயத் தொறக்காம நின்னதுதான் வம்பாப் போச்சு."

"படலியேங்க. பட்டாத்தானே சொல்ல முடியும்."

"பட்டுதோ படலையோ. மத்தவங்கல்லாம் என்னா, பட்டா சொன்னாங்க? பழகிக்க. இப்பவே பழகிக்க."

அவன் நீளமான தேயிலை மிலாறுக் குச்சி ஒன்றின் நுனியில் பஞ்சைக் கட்டி எடுத்து வந்திருந்தான். வாசற்படிக்கு வெளியே நின்றபடி அதை உள்ளே நீட்டினான். அவள் அடுப்போரத்தில் உட்கார்ந்து கண்ணை மூடினாள்.

"தெரியுதா?"

"ஆமாங்க."

"தெரியுதா?"

"ஆமாங்க."

"அப்படித்தான். கொஞ்சம் வெரசாச் சொல்லணும். தெரியுதா?"

அவள் சொல்லவில்லை. "இப்ப நெசமாவே பட்டுச்சுங்க" என்றாள். "தேமல் மேலயே பட்டுச்சு. கூசுச்சு."

மிலாறு அப்படியே நின்றது.

"நெசமாவா? இல்ல, பழகுறியா?"

அவள் கண்ணைத் திறந்தாள். "நீங்களே நம்பலயா?"

"நான் எதை வச்சு நம்புறது? என்னா கேட்டாலும் ஆமாங்கன்னு சொல்லுன்னு நாந்தானே சொல்லிக்குடுத்தேன்" என்றான் அவன். குச்சியைக் கானில் எறிந்துவிட்டுப் போனான்.

வியாழக்கிழமையும் மழைதான். டிஸ்பென்சரி வராந்தாவில் அந்த ஏழெட்டுப் பேரும் வரிசையாக நின்றார்கள். ஜீப் வாசலிலேயே நின்றது. பெரிய டாக்டர் ரத்நாயக்க சிங்களவர், நரைத்த தலை. தோட்டத்து ஆசுபத்திரிகளிலேயே காலம் போக்கியவர், தமிழை எங்கள் சனத்திடமே கற்றவர்.

முதலில் பழனியாண்டிக் கிழவர் போனார். டாக்டர் அவருடைய முழங்கைப் பக்கம் விரலை வைத்து உருட்டிப் பார்த்தார். காது மடலைப் பார்த்தார். காலைத் தூக்கிக் காட்டச் சொன்னார். பாதத்தில் கருகிய கொப்புளம் ஒன்று ஆறாமல் கிடந்தது.

"இது எப்ப சுட்டது?"

"சுட்டுச்சா? எங்கங்கய்யா?"

டாக்டர் பாதத்தைக் கீழே வைத்தார். "தாத்தா, உங்களுக்கு இருக்கு. இப்ப இதுக்கு மாத்திரை வந்திருக்கு. கொஞ்ச காலம் அங்க இருக்கணும்."

கிழவர் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "கொழும்பு பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசைங்கய்யா. டிக்கட்டு இல்லாமக் கூட்டிப் போறீங்க." வெளியே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர் அதற்கப்புறம் பேசவில்லை.

அதாவது, கானுக்கு அந்தப் பக்கம் நிறுத்தியது அவர் விஷயத்தில் சரியாகிவிட்டது. ஒருவருக்குச் சரியென்றால் தனக்கும் சரிதானே என்று வீரம்மா நினைத்தாள். நடுவில் போனவர்களுக்கு டாக்டர் என்ன சொன்னார் என்றுகூட அவள் காதில் வாங்கவில்லை. அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அழகுமுத்து ஜன்னலுக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கண்ணை மூடுங்க. தொட்டா சொல்லுங்க" என்றார் டாக்டர். "தெரியுதா?"

"ஆமாங்க."

"இப்ப?"

"ஆமாங்க."

"இப்ப?"

"ஆமாங்க."

தகரத்தில் மழை மட்டும் கேட்டது.

"கண்ணைத் தொறங்க" என்றார் டாக்டர்.

அவர் மேசைக்கு அந்தப் பக்கம், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பஞ்சு, தட்டில் கிடந்தது.

"நான் ஒரு தடவைகூடத் தொடல்லை."

ஜன்னலுக்கு வெளியே அழகுமுத்து நெற்றியைக் கம்பியில் முட்டிக்கொண்டான்.

சிதம்பரநாதன் தொண்டையைச் செருமினார். "பார்த்தீங்களோ ஐயா. வியாதி இல்லாட்டில் ஏன் பொய் சொல்லவேணும்?"

"இருங்க மிஸ்டர் சிதம்பரநாதன்." டாக்டர் அவளைத்தான் பார்த்தார். "யார் சொல்லிக் குடுத்தது அம்மா?"

அவள் ஜன்னலைப் பார்க்கவில்லை. "எல்லாரும் அப்படித்தாங்க சொல்றது. துரைமாரு கேட்டா இல்லைன்னு எப்படிங்க சொல்றது?" என்றாள். பிறகு, வருவது வரட்டும் என்று, "அன்னைக்கு ஐயா தொட்டது எனக்கு நெசமாவே தெரியலிங்க. நேத்து அடுப்படியில தெரிஞ்சுச்சு. ஆனா நான் சொன்னா இப்ப யாரும் நம்ப மாட்டாங்க. எம்புருசனே நம்பலிங்க" என்றாள்.

டாக்டர் எழுந்து வந்தார். தேமல் இல்லாத இடது கையைத் தொட்டுப் பார்த்தார், பஞ்சால் அல்ல, தன் உள்ளங்கையால். அந்தக் கை பனிக்கட்டி மாதிரி இருந்தது.

"அன்னைக்கு எங்க வச்சுப் பார்த்தீங்க?" என்று டிஸ்பென்சரைக் கேட்டார்.

"பெரட்டுக்களத்திலை, ஐயா."

"மழையா?"

"ஓம்."

"இந்தக் கையையும் தொட்டுப் பார்த்தீங்களா? நல்ல கையை?"

சிதம்பரநாதன் பஞ்சுத் தட்டைப் பார்த்தார். "இருநூறு பேர் ஐயா. துரை ஆறரைக்கு விடச் சொன்னவர்."

டாக்டர் தலையை ஆட்டினார். கோபப்பட்டதாகத் தெரியவில்லை. கம்பவுண்டர் தேத்தண்ணிக்கு மூட்டியிருந்த அடுப்பைக் காட்டி, "கையைக் காட்டி உட்காருங்க. நல்லாச் சூடாகட்டும். அவசரமில்லை" என்றார் அவளிடம்.

அந்த நேரம் போவேனா என்றது. ஜீப்பின் தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. விரல்களுக்கு மெல்ல மெல்ல ரத்தம் வந்து, எரிச்சல் கண்டது. அந்த எரிச்சல் அவளுக்குச் சர்க்கரையாக இனித்தது.

"இப்ப வாயைத் திறக்கவே கூடாது" என்றார் டாக்டர். "நான் ஒண்ணும் கேட்கவும் மாட்டேன். பட்டா, பட்ட இடத்தை மத்தக் கை விரலால காட்டுங்க. படல்லைன்னா சும்மா இருங்க. சும்மா இருக்கிறது தப்பில்லை, விளங்குதா?"

அவள் "ஆமாங்க" என்று சொல்லப்போய் வாயை மூடிக்கொண்டாள்.

கண் மூடியது. முதலில் மணிக்கட்டு. விரல் அங்கே போனது. தோள் பக்கம். போனது. பிறகு ஒன்றும் இல்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. வீரம்மாவின் விரல் துடித்தது. காட்டு, எங்கேயாவது காட்டு என்று நெஞ்சு அடித்தது. பட்டிருக்குமோ, தனக்குத்தான் தெரியவில்லையோ? பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். அப்போது டாக்டர் தொடவே இல்லை என்பதை ஜன்னலில் நின்ற அழகுமுத்து பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு மூச்சு வந்தது.

பிறகு தேமல். விரல் சரியாக அங்கே போனது. மறுபடி தேமல். போனது. மூன்றாம் தரமும் தேமலில் வைத்தார், விரல் அசையவில்லை. அழகுமுத்து கம்பியை இறுக்கினான். நாலாவது தரம் வைத்தார், போனது.

டாக்டர் பஞ்சைக் கீழே வைத்துவிட்டு முழங்கை நரம்பை உருட்டினார், காதைப் பார்த்தார், பாதத்தைப் பார்த்தார். தேமலைச் சுரண்டி, விளக்கில் பார்த்தார்.

அழகுமுத்து ஜன்னல் வழியாகவே கேட்டான். "இருக்குங்களா, இல்லைங்களா ஐயா? ஒத்தைச் சொல்லாச் சொல்லிருங்க."

"உள்ள வாங்க" என்றார் டாக்டர். அவன் வந்து, பெண்சாதிக்கு ஒரு முழம் தள்ளி நின்றான். "ஒத்தைச் சொல்லு எங்கிட்ட இல்லை. மழை நாள்ல கொழுந்து நிறுத்தா, கணக்கப்பிள்ளை தண்ணிக்குன்னு கழிப்பாரா?"

"கழிப்பாங்க."

"ஏன்?"

"தராசுல நிக்கிறதெல்லாம் கொழுந்து இல்லீங்களே."

"கழிக்கிறதை எங்களுக்கா சொல்றீங்க" என்றாள் வீரம்மா, தன்னை அறியாமல். டாக்டர் சிரித்தார்.

"அதேதான். அன்னைக்குக் களத்தில தெரியல்லைன்னு நின்னது எல்லாம் வியாதி இல்லை. அதில முக்கால்வாசி குளிர். அந்தக் குளிரை யாரும் கழிக்கல்லை. உங்க லயத்தில வியாதி உள்ளவங்க ஒருத்தரோ ரெண்டு பேரோ இருப்பாங்க. விறைச்ச கை எத்தனை? இருநூறு. அப்ப தள்ளி நிறுத்தினவங்கள்ல அதிகம் யாரு இருப்பாங்க? வியாதி இல்லாதவங்கதான். தாத்தாவுக்குச் சரியாப் போச்சு, அதுக்காக இந்தம்மாவுக்கும் சரின்னு இல்லை."

"இப்ப சூடாப் பாத்தீங்களே, அது?"

"அது அன்னைக்குப் பார்த்ததைவிட நல்ல தராசு. ஆனா எல்லாத் தராசும் கொஞ்சம் ஆடும். ஒரு தடவை தேமல்ல விட்டுட்டாங்க. நல்ல தோல்லயும் சில பேர் ஒரு தடவை விடுவாங்க. நரம்பு தடிக்கல்லை. சுரண்டினா மாவு மாதிரி வருது, அது வெறும் தேமலுக்குத்தான் வரும். எனக்கு இது வியாதி இல்லைன்னுதான் தோணுது. களிம்பு தர்றேன். மழை விட்டதும் மறுபடி பார்க்கணும். அவங்களை ஜீப்பில ஏத்தமாட்டேன். பிள்ளையைப் பிரிக்கவும் சொல்லமாட்டேன்."

"தோணுதுன்னா..." என்று இழுத்தான் அழகுமுத்து.

"தோணுதுன்னாத் தோணுதுதான் தம்பி. இல்லவே இல்லைன்னு சொன்னா உங்களுக்கு நல்லாயிருக்கும். அது பொய்."

கிழவரை ஏற்றிக்கொண்டு ஜீப் போனது. கானோரமாக இருவரும் லயத்துக்கு நடந்தார்கள். அழகுமுத்து மெதுவாகச் சொன்னான்:

"மதினிகிட்ட இல்லைன்னுட்டாருன்னு சொல்லிருவோம். வேற ஒண்ணும் வேணாம்."

வீரம்மா லயத்தையே பார்த்து நடந்தாள்.

ராமாயி வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றாள். குழந்தை அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது. தாயைக் கண்டதும் கை இரண்டையும் நீட்டித் தாவியது. ராமாயி ஓர் அடி பின்னால் போனாள்.

"என்னா சொன்னாரு? இல்லைன்னுட்டாரா?"

"ஆமாங்க மதினி" என்றான் அழகுமுத்து.

"இல்லக்கா" என்றாள் வீரம்மா.

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"இல்லைன்னு அவரு சொல்லல. இருக்காதுன்னுதான் தோணுதுன்னாரு. அன்னைக்குத் தெரியாமப் போனதுல முக்கால்வாசி குளிருதானாம். மழை விட்டு மறுபடி பாக்கணுமாம். புள்ளையப் பிரிக்கச் சொல்லல. அவ்வளவுதான் சொன்னாரு." வீரம்மா குழந்தையின் நீட்டிய கைகளைப் பார்த்தாள். "இனி நீ குடுத்தாக் குடு. குடுக்காட்டி, மழை விடுற வரைக்கும் நான் அந்தக் காம்பராவுலயே கெடக்குறேன். எம்புள்ளைகிட்டப் போறதுக்கு நான் இன்னொரு ஆமாங்க சொல்ல மாட்டேன்."

அழகுமுத்து தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டான்.

ராமாயி குழந்தையை இறுக்கிக்கொண்டாள். குழந்தை திமிறியது. அவள் முகம் எப்படியெப்படியோ போனது. வெகு நேரம் கழித்து, அக்கம்பக்கம் பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அந்தக் குளிர்ல யாருக்கும் தெரிஞ்சிருக்காதுன்னா சொன்னாரு?"

"பல பேருக்குத் தெரிஞ்சிருக்காதுன்னாரு."

"எனக்குத் தெரியல வீரம்மா" என்றாள் ராமாயி. "அன்னைக்கு அந்த மனுசன் எங்க தொட்டாரு, எப்பத் தொட்டாரு, ஒண்ணும் தெரியல. கேட்டாரு, ஆமாங்கன்னேன். அதுலருந்து தெனமும் அடுப்படியில உக்காந்து என் கையக் கிள்ளிக் கிள்ளிப் பாக்குறேன். எனக்கு இருந்து, புள்ளைய நான் வச்சிருந்தா என்னாகும்னு... உங்கிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

முழங்கைக்குக் கீழே அவள் கை முழுக்க, நகம் பதிந்த சிவந்த பிறைகள் இருந்தன.

வீரம்மா அந்தக் கையைப் பிடித்தாள். பிள்ளை கைமாறிய பிறகு அவள் தொட்ட முதல் மனுஷத் தோல் அது.

"கிள்ளுனா வலிக்குதாக்கா?"

"வலிக்குது."

"அப்ப வேற என்னா. மழை விட்டதும் ரெண்டு பேரும் போவோம்."

ராமாயி குழந்தையைக் கொடுத்தாள். முந்தானையைக் கையில் சுற்றாமல் கொடுத்தாள். வீரம்மா அங்கேயே, இஸ்தோப்பின் ஈரத் தரையில் உட்கார்ந்து, மாராப்பை விலக்கினாள். அழுத களைப்பில் குழந்தைக்கு முதலில் வாய் பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. ராமாயி பக்கத்திலேயே குந்திக்கொண்டு, அது விழுங்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.